பூகலூ தாளமும் பரண் மேல் தட்டுகளும்

பழைய இசைத்தட்டுகள் சேர்க்கிறேன் என்று சொன்னால் சங்கத்து அன்பர்கள் உடனே கேட்பது, "பாகவதர் இருக்கிறாரா? சின்னப்பா இருக்கிறாரா?" என்பதுதான். இருக்கிறார்கள். ஆனால் ஜோகுபாளையத்தில் என் வீட்டு அலமாரியைத் திறந்து பார்ப்பவர்கள், பாகவதருக்குப் பக்கத்தில் ஜோ கியூபா, ரே பரேட்டோ, மோங்கோ சாந்தமரியா என்று வாயில் நுழையாத பெயர்களைக் கண்டு திகைக்கிறார்கள். "இவர்கள் யார் சார், நமக்கும் இவர்களுக்கும் என்ன உறவு?" என்பது அடுத்த கேள்வி. கொஞ்சம் சுற்றி வந்த உறவுதான். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. நம் வீட்டுப் பரண்களில் கிடக்கும் சில பெட்டிகளைப் பற்றியும் கடைசியில் ஒரு வேண்டுகோள் இருக்கிறது.

முதலில் அந்த மனிதர்கள். கரீபியன் கடலில் போர்ட்டோ ரிக்கோ என்றொரு தீவு. பேசும் மொழி ஸ்பானிஷ். 1898-இல் அது அமெரிக்காவின் கைக்குப் போனது. 1917-இல் அந்தத் தீவு மக்களுக்கு அமெரிக்கக் குடியுரிமை கொடுத்தார்கள். ஆகவே அவர்கள் நியூயார்க்குக்குப் பிழைக்க வரும்போது பாஸ்போர்ட் வேண்டியதில்லை, விசா வேண்டியதில்லை. ஆனால் இறங்கியதும் மொழி வேறு, சாப்பாடு வேறு, குளிர் வேறு. சொந்த நாட்டுக்குள்ளேயே வெளியூர்க்காரர்கள். குடியாத்தத்திலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் ரயிலேறி கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கிய நம் தாத்தாக்களின் கதையைக் கேட்டவர்களுக்கு இது புதிதாக இருக்காது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு லட்சக்கணக்கில் அப்படி வந்தவர்கள் கிழக்கு ஹார்லெம், பிராங்ஸ் போன்ற பகுதிகளில் குடியேறினார்கள். பக்கத்துத் தெருக்களில் கறுப்பின மக்கள் இருந்தார்கள். பிள்ளைகள் வீட்டில் ஸ்பானிஷும் தெருவில் ஆங்கிலமும் பேசி வளர்ந்தார்கள்.

அந்தப் பிள்ளைகள் போட்ட இசைதான் பூகலூ. பெற்றோர் கேட்டது மாம்போ, சா-சா-சா. அண்டை வீட்டில் ஒலித்தது சோல், ரிதம் அண்ட் புளூஸ். இரண்டையும் ஒரே அடுப்பில் ஏற்றினார்கள். பியானோவில் நாலு சுரம் திரும்பத் திரும்ப வரும். கீழே காங்கா மேளம். நடுவில் மாட்டு மணி போன்ற ஒரு மணி. மேலே ஊரே சேர்ந்து கை தட்டும், கூச்சல் போடும். பாட்டு பாதி ஆங்கிலம், பாதி ஸ்பானிஷ். 1966-இல் ஜோ கியூபாவின் குழு, பாம் கார்டன்ஸ் என்ற நடன மண்டபத்தில் வாசித்துக்கொண்டிருந்தபோது, வந்திருந்த கறுப்பின இளைஞர்கள் மாம்போவுக்கு எழுந்து ஆடாமல் உட்கார்ந்தே இருந்தார்களாம். குழுவில் டிம்பாலே மேளம் வாசித்த ஜிம்மி சபாட்டர், வேறு ஒன்றை முயன்று பார்க்கலாம் என்று தலைவரை வற்புறுத்தினார். பியானோக்காரர் தொடங்கினார், கூட்டம் எழுந்துவிட்டது. அந்தப் பாட்டுத்தான் 'பேங் பேங்' என்று தட்டாக வெளிவந்தது. (ஜோ கியூபா கியூபாக்காரர் அல்லர். இயற்பெயர் கில்பெர்ட்டோ கால்டெரோன். நியூயார்க்கில் பிறந்த போர்ட்டோ ரிக்கோ வீட்டுப் பிள்ளை. பெயரை நம்பி ஊரைச் சொல்ல முடியாது என்பது நமக்குத் தெரியாததா!)

1967-இல் பீட் ரோட்ரிகஸ் குழுவின் 'ஐ லைக் இட் லைக் தட்' வந்தது. நம் பேரப்பிள்ளைகள் இதை அறியாமலே கேட்டிருப்பார்கள்: கார்டி பி என்ற பாடகி 2018-இல் இதன் ஒரு பகுதியை எடுத்துத் தன் பாட்டில் சேர்த்து, அது அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. பூகலூவின் காலம் என்னவோ மிகச் சிறியது. நாலைந்து வருடங்களில் ஓய்ந்துவிட்டது. மாம்போவில் ஊறிய மூத்த வித்வான்களுக்கு இந்தப் பையன்களின் சங்கீதம் பிடிக்கவில்லை. நம் வீடுகளில் மெல்லிசையைக் கேட்டுப் பெரியவர்கள் முகம் சுளித்ததைப் போலத்தான். கேட்டுக் கேட்டுப் பழகியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: மூத்தவர்களின் இசையில் நயம் அதிகம், பையன்களின் இசையில் உயிர் அதிகம்.

இதற்கு முந்தைய கிளை லத்தீன் ஜாஸ். கியூபாவிலிருந்து வந்த சானோ போசோ என்ற மேளக்காரரும் டிஸ்ஸி கில்லெஸ்பி என்ற ஜாஸ் டிரம்பெட் மேதையும் சேர்ந்து 1947-இல் 'மான்டேக்கா' என்ற பாட்டைப் பதிவு செய்தார்கள். அமெரிக்கப் பட்டாளத்தில் ஜெர்மனியில் இருந்த ரே பரேட்டோ அதைக் கேட்டுத்தான் இசைக்கே வாழ்வைக் கொடுப்பதென்று முடிவு செய்தார் என்பார்கள். ஒரு தட்டு ஒரு மனிதனை அப்படிச் செய்யும்.

இனி தாளத்துக்கு வருவோம். இந்த இசை முழுவதையும் தாங்கி நிற்பது க்ளாவே. இரண்டு சிறு மரக்கட்டைகளை ஒன்றோடொன்று தட்டும் ஐந்து அடிகள். அதை விளக்க மேல்நாட்டுப் புத்தகங்களில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். நமக்கு ஒரு வரி போதும். "தகிட தகிட தகதிமி தக தகதிமி" என்று சமமான வேகத்தில் சொல்லுங்கள். ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலும் மட்டும் கை தட்டுங்கள். மூன்று, மூன்று, நான்கு, இரண்டு, நான்கு: மொத்தம் 16 அட்சரம், ஐந்து தட்டு. அவ்வளவுதான், க்ளாவே வந்துவிட்டது! அல்சூர் சோமேசுவரர் கோயிலில் தவில் வாசிப்பவரிடம் இதைச் சொன்னால் இரண்டாவது சுற்றிலேயே பிடித்துக்கொள்வார். ஒரு வித்தியாசம் உண்டு. நம் தாளத்தைக் கேட்பவரும் கையில் போடுகிறோம். க்ளாவேயை யாரும் தட்டாதபோதும் எல்லா வாத்தியக்காரர்களும் மனத்துக்குள் தட்டிக்கொண்டே வாசிக்கிறார்கள். ஒருவர் பிசகினால் மற்றவர்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

இந்த ஐந்து தட்டு உலகம் சுற்றிய கதை பெரிது. அடிப்படை ஆப்பிரிக்கா. அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டவர்களோடு கியூபாவுக்குப் போனது. 1930-இல் டான் அஸ்பியாசு குழு நியூயார்க்கில் பதிவு செய்த 'எல் மனிசெரோ' என்ற பாட்டு உலகெங்கும் பரவியது. வேர்க்கடலை விற்பவனின் பாட்டு அது. (நம் பசவனகுடி கடலைக்காய்ப் பரிஷேயில் ஒலிபரப்பப் பொருத்தமான பாட்டு, யாரும் போட்டதாகத் தெரியவில்லை.) எச்.எம்.வி. கம்பெனி 1933 முதல் ஜி.வி. என்ற வரிசை எண்ணில் இப்படிப்பட்ட கியூபாத் தட்டுகளை ஆப்பிரிக்காவில் விற்றது. அங்கே காங்கோ நாட்டு இளைஞர்கள் அதைக் கேட்டுத் தங்கள் ரும்பாவை உருவாக்கினார்கள். பேத்தி திரும்பிப் பாட்டி வீட்டுக்கே வந்த மாதிரி.

இந்தியாவுக்கும் அது வந்தது. பம்பாய் ஓட்டல்களில் வாசித்த கோவா கலைஞர்கள் சினிமா வாத்தியக் குழுக்களிலும் வாசித்தார்கள். 1951-இல் வந்த 'அல்பேலா' இந்திப் படத்தில் சி.ராமச்சந்திராவின் இசையில் பாங்கோவும் மராக்காஸும் துள்ளுவதற்குப் பின்னால் சிக் சாக்லேட் என்ற கோவா டிரம்பெட்காரர் இருக்கிறார். சென்னையில் இந்தக் காற்று பலமாக வீசியது மெல்லிசை மன்னர்கள் விஸ்வநாதன்-ராமமூர்த்தி காலத்தில். 1964-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கில் ஜெர்ரி மசூச்சி, ஜானி பச்சேக்கோ என்ற இருவர் ஃபானியா என்ற ரெக்கார்டு கம்பெனியைத் தொடங்கிய வருடம். பிற்காலத்தில் லத்தீன் இசையையே ஆண்ட கம்பெனி அது. அதே 1964-இல் நமக்கு 'காதலிக்க நேரமில்லை', 'புதிய பறவை', 'சர்வர் சுந்தரம்', 'கலைக்கோவில்' எல்லாம் வந்தன.

'புதிய பறவை'யில் சௌகார் ஜானகி மேடையில் பாடுவதாக வரும் 'பார்த்த ஞாபகம்' பாட்டை மறக்கக்கூடியவர் யார்? குரல் பி.சுசீலா. அந்தப் பாட்டை ஒருமுறை கேட்டுவிட்டு, மெக்ஸிகோவின் பாப்லோ பெல்ட்ரான் ரூயிஸ் 1953-இல் தந்து, மறுவருடம் டீன் மார்ட்டின் ஆங்கிலத்தில் 'ஸ்வே' என்று பாடிய பாட்டைக் கேளுங்கள். சாயல் தெரியும். நகல் என்று சொல்லிச் சிலர் உதட்டைப் பிதுக்குவார்கள். நான் ஒப்பமாட்டேன். அந்த நடையை எடுத்து, கண்ணதாசனின் தமிழை அதில் உட்காரவைத்து, சந்தேகமும் மயக்கமும் கலந்த ஒரு கட்டத்துக்குப் பொருத்தியிருக்கிறார்களே, அது நகலால் ஆகிற காரியமா? 'கலைக்கோவி'லில் எல்.ஆர்.ஈஸ்வரி பாடிய 'வரவேண்டும் ஒரு பொழுது' இன்னொரு உதாரணம். 'சர்வர் சுந்தர'த்தின் 'அவளுக்கென்ன' பாட்டில் பதிவுக்கூடத்தையே படம் பிடித்துக் காட்டினார்கள். விஸ்வநாதன் கையசைக்க வாத்தியக் குழு வாசிப்பதைத் திரையில் பார்க்கலாம். அந்தப் பாட்டின் மேளத்தை மட்டும் தனியாகக் காதில் வாங்கிக் கேட்டுப் பாருங்கள். ஹார்லெம் அவ்வளவு தூரமில்லை என்று தோன்றும்.

இலங்கைத் தமிழர்களுக்கு இதே போல் பைலா உண்டு. போர்த்துகீசியர் வழியாகவும் ஆப்பிரிக்கர் வழியாகவும் வந்த துள்ளல் அது. 'சுராங்கனி' புகழ் சிலோன் மனோகரை இங்கே தெரியாதவர் இல்லை. அது தனிக் கட்டுரைக்குரிய விஷயம்.

இன்னொரு வேடிக்கை. 1970-களில் நம் வீடுகளில் இருந்த எச்.எம்.வி. ரெக்கார்டு பிளேயர்களின் பெயர் நினைவிருக்கிறதா? ஒன்று 'ஃபியஸ்டா', இன்னொன்று 'கலிப்ஸோ'. ஃபியஸ்டா என்றால் ஸ்பானிஷில் திருவிழா. கலிப்ஸோ என்பது டிரினிடாட் தீவின் இசை. சீர்காழியின் பக்திப் பாடல்களையும் 'திருவிளையாடல்' கதை வசனத்தையும் நாம் இந்தக் கரீபியன் பெயர் கொண்ட பெட்டிகளில்தான் சுழலவிட்டோம்.

தட்டுகளை எங்கே பிடிப்பது? சென்னைக்குப் போனால் மூர் மார்க்கெட் என்ற காலம் ஒன்று இருந்தது. 1985 தீயோடு அது போயிற்று. பெங்களூரில் ஞாயிற்றுக்கிழமைச் சிக்பேட்டைச் சந்தை, சிவாஜிநகர்ப் பழைய சாமான் கடைகள், அவென்யூ ரோடு என்று சுற்றுவேன். கன்டோன்மென்ட் பகுதிக்கு ஒரு சிறப்பு உண்டு. பட்டாளத்துக்காரர், ஆங்கிலோ இந்தியர், கோவாக்காரர், எச்.ஏ.எல். தொழிலாளி எனக் கலந்து வாழ்ந்த இடம். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் போகும்போது தட்டுகளை எடுத்துச் செல்வதில்லை, கனம். அதனால் இங்கே பெரஸ் பிராடோவும் சேவியர் குகாட்டும் கே.வி.மகாதேவனோடு ஒரே சாக்கில் கிடைப்பார்கள். அசல் பூகலூ தட்டுகள் மட்டும் இப்படிக் கிடைப்பது அபூர்வம். அவை யாராவது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தால்தான் உண்டு. என்னிடம் இருப்பவற்றில் பல பிற்கால மறுபதிப்புகள். அதில் எனக்கு வெட்கமில்லை. கேட்கத்தானே தட்டு.

சேர்க்க நினைப்பவர்களுக்குச் சில அடையாளங்கள். கனமாகவும் கீழே விழுந்தால் உடைவதாகவும் இருப்பது 78 சுற்றுத் தட்டு. அரக்கில் செய்தது. உலகத்துக்கே அந்த அரக்கைப் பெருமளவில் கொடுத்தது இந்தியக் காடுகள். மேல்நாடுகள் 78-ஐக் கைவிட்ட பிறகும் இங்கே அது நின்றது. பீட்டில்ஸ் குழுவின் பாட்டுகளைக்கூட 78-இல் இந்தியாவில் அச்சிட்டார்கள். இன்று உலகச் சேகரிப்பாளர்கள் அவற்றைத் தேடி அலைகிறார்கள். ஏழு அங்குலத்தில் வளையக்கூடிய தட்டு 45 சுற்று ஈ.பி.; பக்கத்துக்கு இரண்டு பாட்டு வீதம் நம் சினிமாப் பாடல்கள் அதிகம் வந்தது இதில்தான். பன்னிரண்டு அங்குலம் எல்.பி. அமெரிக்க 45 தட்டுகளின் நடுவில் பெரிய ஓட்டை இருக்கும். அதற்கென்று ஒரு பிளாஸ்டிக் வில்லை வைத்தால்தான் நம் பிளேயரில் நிற்கும். இந்தியாவில் அச்சானது என்றால் உறையில் டம் டம் என்ற ஊர்ப் பெயர் இருக்கிறதா பாருங்கள். கல்கத்தாவை அடுத்த அந்த ஊரில் 1928-இல் கிராமபோன் கம்பெனி தொழிற்சாலை அமைத்தது. மேளத் தட்டுகள் அச்சாக இதைவிடப் பொருத்தமான பெயர் கொண்ட ஊர் கிடைக்காது!

வாங்கும்போது தட்டை டியூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பார்க்க வேண்டும். மயிரிழைக் கீறல்கள் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. நகத்துக்குத் தட்டுப்படும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் 'டிக்' என்று சொல்லும். கண் மட்டத்தில் வைத்துப் பார்த்தால் நெளிவு தெரியும்.

போன வருடம் எங்கள் தெருவில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஓட்டு வீடு ஒன்றை இடித்து நாலு மாடி கட்டப் போகிறார்கள். அந்த வீட்டு ஆயா எண்பது தாண்டியவர். அவர் கணவர் அல்சூர் ஏரிக்கரைப் பட்டாளத்தில், மெட்ராஸ் சாப்பர்ஸில், 'தம்பி'யாக இருந்து ஓய்வு பெற்றவர். பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டி இறங்கியது. பழைய சாமான்காரர் தராசோடு நின்றார். ஆயா என்னைக் கூப்பிட்டு, "எல்லாம் அவரு வாங்கிப் போட்டது தம்பி. போடுற பெட்டியே இல்ல, தட்டை வச்சிக்கினு என்னா பண்றது? கிலோவுக்குப் போட்டுடவா?" என்றார்.

பெட்டியில் நாற்பதுக்கு மேல் தட்டுகள். பெரும்பாலும் ஈ.பி.க்கள். அடியில் பெரஸ் பிராடோவின் எல்.பி. ஒன்று, பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்தியர் ஊரைவிட்டுப் போகும்போது கொடுத்ததாம். நான் கவனித்தது தட்டுகளை அல்ல, உறைகளை. ஒவ்வொன்றிலும் நீல மையில் வாங்கிய நாள், கொடுத்த விலை, ஊர். ஒன்றில் '1965 தீபாவளி, ஊருக்குப் போக லீவு கிடைக்கவில்லை' என்று ஒரு வரி. இன்னொன்றில் மூத்த மகள் பிறந்த நாள். அந்தக் குடும்பம் இந்த ஊரில் வேர் விட்டதற்கு எழுத்தில் உள்ள ஆதாரம் அந்த உறைகள்தான். கிலோக் கணக்கில் போயிருந்தால் தட்டும் உறையும் பிரிந்து, உறை குப்பைக்குப் போயிருக்கும்.

எந்தத் தட்டு என்ன விலை பெறும் என்பதை ஆயாவிடம் சொன்னேன். எழுத்து இருந்தவற்றை நான் வாங்க மறுத்துவிட்டேன். பேத்தி, கணினிக் கம்பெனியில் வேலை செய்கிற பெண், அவற்றைத் தன்னிடம் வைத்துக்கொள்வதாகச் சொன்னாள். மற்றவற்றை நியாயமான விலைக்கு எடுத்துக்கொண்டேன். அன்று மாலை ஆயாவும் பேத்தியும் என் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் ஒரு சுற்றுக் கேட்டார்கள். 'புதிய பறவை' தட்டு ஓடும்போது அந்தப் பெண், "இது ஸ்பானிஷ் பாட்டா ஆயா?" என்றாள். ஆயாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "சௌகார் ஜானகி பாட்டுடி!" இருவர் சொன்னதும் சரி என்பதால் நான் நடுவில் வாயைத் திறக்கவில்லை.

ஜோகுபாளையத்திலும் அல்சூரிலும் மர்பி டவுனிலும் பழைய வீடுகள் வேகமாக இடிபடுகின்றன. நம் சங்க உறுப்பினர் வீடுகளிலும் இப்படிப் பெட்டிகள் இருக்கும். விற்பதும் வைத்துக்கொள்வதும் உங்கள் விருப்பம். எடைக்குப் போடுமுன் உறைகளை ஒருமுறை புரட்டிப் படித்துவிடுங்கள். தட்டையே கொடுப்பதானாலும் கையெழுத்து உள்ள உறையைப் படம் எடுத்து வையுங்கள்.

வைத்துக்கொள்பவர்களுக்கு: தட்டுகளைப் புத்தகம் போல நிமிர்த்தி அடுக்குங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்தால் நெளியும். மொட்டை மாடி அறை, பரண் போன்ற சூடான இடங்கள் வேண்டாம். மழைக்காலத்தில் பூஞ்சை பூத்தால், காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு மென்மையான சோப்புத் திரவம் விட்டு, மெல்லிய துணியால் பள்ளக் கோடுகளின் வழியே வட்டமாகத் துடையுங்கள். நடு லேபிளில் ஈரம் படக் கூடாது. 78 தட்டை எக்காரணம் கொண்டும் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்காதீர்கள். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும், பாட்டும் அதோடு கரைந்துபோகும். 78-க்கு அகலமான ஊசி வேண்டும், எல்.பி. ஊசி ஆகாது. கைப்பிடி சுற்றும் பழைய கிராமபோன் உங்களிடம் இருந்தால் அதன் எஃகு ஊசியை ஒரு பக்கம் ஓடியதும் மாற்ற வேண்டும். அந்தப் பெட்டியில் ஈ.பி., எல்.பி. இரண்டையும் வைக்கவே கூடாது. அந்தக் கனத்தில் ஒரே ஓட்டத்தில் கோடுகள் உழப்பட்டுவிடும். தட்டின் மேல் எதையும் எழுத வேண்டாம். உறைக்குள் ஒரு துண்டுக் காகிதத்தில், பென்சிலில், யார் வாங்கியது, எந்த வீட்டில் இருந்தது என்று எழுதிப் போடுங்கள்.